வட்டமும் முக்கோணமும் சேர்ந்தால் காக்கா

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் இது அநேகமாக நடக்கும். முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, பென்சில் டூலைத் தேர்ந்தெடுத்து, மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒரு யானை வரைந்து பார்ப்பார். கோடு நடுங்கும். யானை உருளைக்கிழங்கு போல வந்து நிற்கும். "நமக்கு இதெல்லாம் வராது" என்று மூடிவிடுவார். சிலர் கடையில் விசாரிப்பார்கள். பேனா டேப்லட் என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும் என்று தெரிந்ததும் ஆசையை அங்கேயே விட்டுவிடுவார்கள்.

மவுஸ் என்பது சுட்டிக்காட்டுவதற்கான கருவி. அதைப் பேனா போலப் பிடித்து இழுத்தால் நன்றாக வரையத் தெரிந்தவருக்கும் கோடு நடுங்கத்தான் செய்யும். ஆனால் சுட்டிக்காட்டியே வரையும் ஒரு முறை இருக்கிறது. அதற்கு வெக்டர் ஓவியம் என்று பெயர். கம்பெனிகளின் லோகோக்கள், பிஸ்கட் பாக்கெட்டில் சிரிக்கும் பொம்மைகள், செல்போன் திரையில் உள்ள ஐகான்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை இப்படி உருவானவைதான். பென்சில் பிடித்து நேராக ஒரு கோடு போட வராத நான், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, 2017-ல், இதைக் கற்றுக்கொண்டேன். என்னிடம் இருந்தது ஒரு சாதாரண லேப்டாப்பும் ஒரு மவுஸும்தான். அப்போது வரைந்த அதே காக்காவை இந்தக் கட்டுரையில் உங்களோடு சேர்ந்து மீண்டும் வரையப் போகிறேன்.

புள்ளியும் கணக்கும்

கேமராவில் எடுத்த ஒரு போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் படம் மறைந்து, வண்ணச் சதுரங்கள் மட்டும் தெரியும். இவை பிக்ஸல்கள். 3000-க்கு 2000 பிக்ஸல் அளவுள்ள ஒரு போட்டோவில் இப்படி 60 லட்சம் சதுரங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் நிறமும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். பெயிண்ட் புரோகிராமில் நீங்கள் வரைவதும் இந்த வகைதான். இதை பிட்மேப் என்பார்கள். இருக்கும் சதுரங்களுக்கு மேல் பெரிதாக்கினால் ஓரம் பல்பல்லாகத் தெரியும்.

வெக்டர் பைலில் சதுரங்களே இல்லை. "மையம் இங்கே, ஆரம் இவ்வளவு, நிறம் கறுப்பு, ஒரு வட்டம்" என்கிற குறிப்பு மட்டும் இருக்கும். படத்தைக் காட்டும் நேரத்தில் கம்ப்யூட்டர் அந்தக் குறிப்பைப் படித்து வட்டத்தைப் போடுகிறது. விசிட்டிங் கார்டு அளவில் கேட்டால் அந்த அளவில் போடும். 20 அடி பேனர் அளவில் கேட்டால் அதற்கும் அதே கணக்குதான். ஓரம் சிதறாது.

வட்டத்துக்கு இது சரி. காக்காவின் வயிறு போன்ற வளைவை எப்படிக் கணக்காக எழுதுவது? இந்தக் கேள்விக்குப் பதில் கார் கம்பெனிகளில் கிடைத்தது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கார் உடலின் வளைவுகளை எந்திரத்துக்குச் சொல்லித் தருவதற்கு ஒரு கணக்கு வேண்டியிருந்தது. பிரான்சில் சிட்ரோயன் கம்பெனியில் பால் டி காஸ்டெல்ஜாவ் 1959-ல் இதற்கு வழி கண்டுபிடித்தார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோ கம்பெனியில் பியர் பெசியர் 1960-களில் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்து, வெளியிலும் சொன்னார். அதனால் இந்த வளைவுக்கு பெசியர் வளைவு என்றே பெயர் நிலைத்துவிட்டது. முந்தியவர் பெயர் பின்னால் போய்விட்டது.

இந்த வளைவு வேலை செய்யும் விதம் கோலம் போடுகிறவர்களுக்கு எளிதாகப் புரியும். முதலில் புள்ளி வைக்கிறோம், பிறகு புள்ளிகளைக் கோட்டால் இணைக்கிறோம். இங்கே அந்தப் புள்ளிக்கு நோட் என்று பெயர். ஒவ்வொரு நோடிலிருந்தும் இரண்டு கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடியை எந்தத் திசையில் இழுக்கிறோமோ அந்தத் திசையில் கோடு கிளம்பும். எவ்வளவு நீளமாக இழுக்கிறோமோ அவ்வளவு தூரம் அந்தத் திசையிலேயே போய்விட்டுத்தான் வளையும். இதில் கை நடுக்கத்துக்கு இடமே இல்லை. புள்ளி சரியான இடத்தில் விழவில்லையா? நகர்த்திக்கொள்ளுங்கள். நூறு தடவை நகர்த்தினாலும் காகிதம் கிழியாது.

எந்த சாப்ட்வேர்?

அடோபி இல்லஸ்ட்ரேட்டர் 1987-ல் வந்தது. டிசைன் நிறுவனங்களில் அதுவே அதிகம். 2013-லிருந்து அடோபி தன் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. நம் ஊர் டி.டி.பி. கடைகளிலும் பிளெக்ஸ் கடைகளிலும் கோரல் டிராவை அதிகம் பார்க்கலாம். அது 1989-ல் வந்தது. இரண்டுமே நல்ல சாப்ட்வேர்கள், இரண்டுக்கும் பணம் வேண்டும். "கிராக் பண்ணின காப்பி இருக்கிறது, தருகிறேன்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் நுழைய இதைவிட வசதியான வாசல் கிடையாது.

நான் பயன்படுத்தியது இங்க்ஸ்கேப். 2003-ல் தொடங்கப்பட்ட, முற்றிலும் இலவசமான, யாரும் மூல நிரலைப் பார்க்கக்கூடிய சாப்ட்வேர். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். யூனிகோட் தமிழை நேரடியாக டைப் செய்யலாம். இங்க்ஸ்கேப் டாட் ஆர்க் என்கிற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். நான் கற்றபோது இருந்தது 0.92 பதிப்பு. 2020-ல் 1.0 வந்தது. அதன் பின் மெனுக்கள் இடம் மாறியிருந்தாலும், கீழே நான் சொல்லும் ஷார்ட்கட் கீகள் அப்படியே இருக்கின்றன.

ஆந்தையால் வந்த வேலை

எங்கள் துறையில் ஆண்டுதோறும் சிம்போசியம் நடக்கும். அதற்கு டி-சர்ட் அடிப்பது வழக்கம். 2016-ல் சீனியர்கள் இணையத்தில் கிடைத்த ஓர் ஆந்தைப் படத்தை எடுத்து அடித்துவிட்டார்கள். நிகழ்ச்சியன்று வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு குழு பஸ்ஸை விட்டு இறங்கியது. அவர்கள் மார்பிலும் அதே ஆந்தை! நாள் முழுக்க இரண்டு ஆந்தைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு சுற்றின. வந்த விருந்தாளிகள் கேட்ட கேள்விகளுக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆண்டு பொறுப்பு எங்கள் வகுப்புக்கு வந்தது. துறைத் தலைவர் ஒரே நிபந்தனை போட்டார். படம் நம்முடையதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் படமே வேண்டாம், வெறும் எழுத்து போதும். எங்களில் ஓவியம் தெரிந்தவர் யாரும் இல்லை. வெளியில் டிசைனரிடம் கொடுக்கலாம் என்றால், தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த பணம் டி-சர்ட்டுக்கே சரியாக இருந்தது. கையில் மூன்று வாரம். வேலை என்னிடம் வந்தது. காரணம், நான் லேப்டாப்பை எப்போதும் திறந்தே வைத்திருப்பவன் என்பதுதான்.

என்ன வரைவது என்பதை முடிவு செய்தவர் என் ஹாஸ்டல் அறை நண்பர். "வடையைத் தூக்கின காக்கா நம்ம கதையில பென் டிரைவைத் தூக்கட்டும்டா" என்றார். அந்த ஒரு வரியில் பாதி வேலை முடிந்துவிட்டது.

இந்தப் பாதியைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். கேரக்டர் டிசைன் என்பது அழகாக வரைவதில் தொடங்குவதில்லை. இந்த உருவம் யார், என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதில் தொடங்குகிறது. ஏஷியன் பெயின்ட்ஸ் கம்பெனிக்காக ஆர்.கே. லட்சுமண் 1954-ல் வரைந்த கட்டு என்கிற பையனை நினைத்துப் பாருங்கள். கையில் பெயின்ட் டப்பா, பிரஷ், முகத்தில் குறும்பு. அவ்வளவுதான் அவன். 1966-ல் யூஸ்டஸ் பெர்னாண்டஸ் வரைந்த அமுல் சிறுமிக்கு மூக்கே கிடையாது. உருண்டைக் கண், புள்ளி போட்ட கவுன், முடியில் ஒரு ரிப்பன். இத்தனை ஆண்டுகளில் மூக்கு எங்கே என்று பெரும்பாலானோர் கேட்டதில்லை. எதை வரைகிறோம் என்பதைப் போலவே எதை விட்டுவிடுகிறோம் என்பதும் வேலைதான்.

முதல் பயிற்சி: அ

காக்காவுக்கு முன்னால் ஒரு சின்னப் பயிற்சி. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த எழுத்துகளும் வெக்டர் ஓவியங்கள்தான். எழுத்துருவை வடிவமைத்தவர் ஒவ்வோர் எழுத்தையும் நோட் வைத்தே வரைந்திருக்கிறார். அவரிடமிருந்து இலவசமாகப் பாடம் கற்றுக்கொள்ளலாம்.

இங்க்ஸ்கேப்பில் டி கீயை அழுத்தினால் டெக்ஸ்ட் டூல் வரும். அ என்று ஒரே ஓர் எழுத்தை டைப் செய்து பெரிதாக்குங்கள். தேர்வு டூலால் அதைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட், கண்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து இனி எழுத்தல்ல, ஒரு வடிவம். ஷிப்ட், கண்ட்ரோல், ஜி அழுத்திக் குழுவைப் பிரித்துவிட்டு, என் கீயை அழுத்தி நோட் டூலுக்கு வாருங்கள். ஓரம் முழுக்க நோட்கள் தெரியும்.

எத்தனை நோட், எங்கெங்கே இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். நன்றாகச் செய்த எழுத்துருவில், சுழியின் மிக மேலே ஒன்று, மிகக் கீழே ஒன்று, மிக இடதில் ஒன்று, மிக வலதில் ஒன்று என்று இருக்கும். இடையில் அநேகமாக எதுவும் இருக்காது. வளைவு திரும்பும் உச்சிகளில் மட்டும் புள்ளி, மற்றதைக் கைப்பிடி பார்த்துக்கொள்ளும். வெக்டர் ஓவியத்தில் எனக்குத் தெரிந்த மிக முக்கியமான ரகசியம் இதுதான். புதியவர்கள் வளைவு சரியாக வராதபோது இன்னொரு நோடைச் சேர்ப்பார்கள், பிறகு இன்னொன்று. கோடு மேலும் முண்டும் முடிச்சுமாக ஆகும். சரியான வழி, ஒரு நோடைக் குறைத்துவிட்டு மிச்சமுள்ளதன் கைப்பிடியை நீட்டுவது. நான் முதல் நான்கைந்து நாட்கள் இப்படி எழுத்துகளைத் திறந்து பார்ப்பதிலேயே கழித்தேன். ழ, ஐ, ஔ எல்லாம் நல்ல வாத்தியார்கள்.

போட்டோவைக் கொடுத்தால் தானாகவே வெக்டராக மாற்றித்தரும் டிரேஸ் பிட்மேப் என்ற வசதியும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. போட்டோ ஒன்றை அதில் போட்டால் ஆயிரக்கணக்கில் நோட் கொட்டும். பிறகு சிறகை மட்டும் தூக்க நினைத்தால் எந்த நோட் எதைச் சேர்ந்தது என்றே தெரியாது. கறுப்பு வெள்ளைக் கையெழுத்து, முத்திரை போன்றவற்றுக்கு அது நல்லது. கேரக்டருக்கு உதவாது.

காக்கா வரைவோம்

முதலில் ஜன்னல் வழியே ஒரு காக்காவைப் பாருங்கள். கார்ட்டூன்களில் காக்கா முழுக் கறுப்பாக இருக்கும். நம் தெருவில் வடை தூக்கும் வீட்டுக் காக்காவுக்கோ கழுத்து சாம்பல் நிறம். முழுக் கறுப்பாக இருப்பது அண்டங்காக்கை. இந்தச் சாம்பல் கழுத்துதான் நம் காக்காவை நம் ஊர்க் காக்காவாக்குகிறது. பின்னால் வேறொரு வகையிலும் கைகொடுக்கப் போகிறது.

உடல்: ஈ கீயை அழுத்தி ஒரு நீள்வட்டம் வரையுங்கள். ஷிப்ட், கண்ட்ரோல், எஃப் அழுத்தினால் நிறத்துக்கான பெட்டி திறக்கும். அதில் 333333 என்று கொடுங்கள். சுத்தக் கறுப்பைவிட இந்தக் கருஞ்சாம்பலில் உருவம் உயிரோடு தெரியும். இனி ஷிப்ட், கண்ட்ரோல், சி அழுத்தி இதையும் பாதையாக மாற்றி, நோட் டூலை எடுங்கள். மேல், கீழ், இடம், வலம் என நான்கு நோட்கள். நம் காக்கா வலப்பக்கம் பார்க்கட்டும். அப்படியானால் வால் இடப்பக்கம். இடது நோடைப் பிடித்து இன்னும் இடதாக, சற்றுக் கீழாக இழுங்கள். ஷிப்ட் கீயுடன் சி அழுத்தினால் அந்த நோட் முனை நோடாக மாறும். அதன் கைப்பிடிகள் இரண்டையும் உள்ளே தள்ளினால் கூர்மையாகிவிடும். இப்போது ஒரு மழைத்துளி படுத்திருப்பது போல இருக்கும். இதுவே உடலும் வாலும்.

தலை: மறுபடி ஈ. இந்த முறை கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு இழுத்தால் சரியான வட்டம் வரும். அதை உடலின் வலது மேற்பக்கம், கொஞ்சம் மேலே ஏறினாற்போல வையுங்கள். இரண்டையும் ஷிப்ட் பிடித்துத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலுடன் கூட்டல் குறியை அழுத்துங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும்.

பள்ளியில் கணங்கள் பாடம் நினைவிருக்கிறதா? சேர்ப்பு, வெட்டு, வித்தியாசம் என்று வட்டம் வட்டமாக வென்படம் வரைந்தோமே, அதேதான். கண்ட்ரோலுடன் கூட்டல் குறி என்றால் சேர்ப்பு. கழித்தல் குறி என்றால் வித்தியாசம், அதாவது மேலே இருக்கும் வடிவம் கீழே இருப்பதை வெட்டி எடுத்துவிடும். நட்சத்திரக் குறி என்றால் வெட்டு, இரண்டுக்கும் பொதுவான பகுதி மட்டும் மிஞ்சும். இந்தக் கணக்கெல்லாம் எங்கே பயன்படப் போகிறது என்று அன்றைக்குக் கேட்டவர்களில் நானும் ஒருவன். காக்காவின் கழுத்தில் பயன்பட்டது.

தலையும் உடலும் சேரும் இடத்தில் முதுகுப் பக்கம் ஒன்று, மார்புப் பக்கம் ஒன்று என இரண்டு பள்ளமான மூலைகள் இருக்கும். நோட் டூலால் அவற்றைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட் கீயுடன் எஸ் அழுத்துங்கள். மூலை வழுவழுப்பான வளைவாகும். இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். முதுகு வளைவு சற்று நிமிர்ந்தால் காக்கா திமிராகத் தெரியும். குனிந்தால் எதையோ தேடுவது போலத் தெரியும். எங்கள் காக்கா திருடியதால் கொஞ்சம் திமிராகவே நிமிர்த்தினேன்.

கழுத்து: உடலைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோலுடன் டி அழுத்தினால், அதே இடத்தில் ஒரு நகல் உருவாகும். கழுத்தின் மேல் சாய்வாக ஒரு நீள்வட்டம் வரையுங்கள். நகலையும் நீள்வட்டத்தையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோலுடன் நட்சத்திரக் குறி. நீள்வட்டத்தில் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி மறைந்து, உடலின் ஓரத்தோடு கச்சிதமாகப் பொருந்திய கழுத்துப்பட்டை மட்டும் நிற்கும். சாம்பல் நிறம் கொடுங்கள். இதைக் கையால் வரைந்து பொருத்தியிருந்தால் அரை நாள் ஆகியிருக்கும்.

அலகு: பி கீ அழுத்திப் பென் டூல் எடுங்கள். மூன்று இடங்களில் கிளிக் செய்து, கடைசியாக முதல் புள்ளியிலேயே கிளிக் செய்தால் முக்கோணம் மூடிக்கொள்ளும். மேல் அலகு ஒன்று, கீழ் அலகு ஒன்று. காக்காவின் அலகு தடிமனானது, மேல் அலகு நுனியில் சற்றுக் கீழே வளைந்திருக்கும். நோட் டூலால் கோட்டின் நடுவைப் பிடித்து லேசாக இழுத்தால் கோடு வளைந்துகொடுக்கும். இரண்டு அலகுக்கும் நடுவே பென் டிரைவ். ஆர் கீயில் வரும் செவ்வகம் ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக. செவ்வக மூலையில் தெரியும் சிறு வட்டத்தை இழுத்தால் மூலை உருண்டையாகும். பேஜ் அப், பேஜ் டவுன் கீகளால் எது முன்னால், எது பின்னால் என்று மாற்றிக்கொள்ளலாம்.

கண்: வெள்ளை வட்டம், அதற்குள் கறுப்பு வட்டம், அதற்குள் ஒளி பட்டது போல மிகச் சின்ன வெள்ளைப் பொட்டு. மூன்றே வட்டங்கள்தான், ஆனால் நான் அதிக நேரம் உட்கார்ந்தது இங்கேதான். கறுப்பு வட்டம் நடுவில் இருந்தால் காக்கா நம்மைப் பார்த்து அதிர்ந்து நிற்கிறது. பின்பக்கம் தள்ளினால் யாராவது துரத்துகிறார்களா என்று பார்க்கிறது. கண்ணின் மேல்பாதியை உடல் நிறத்தில் ஓர் அரைவட்டத்தால் மூடினால் தூக்கம். அதே அரைவட்டத்தை அலகுப் பக்கம் சரித்தால் கோபம். பின்பக்கம் தள்ளிய கண், லேசாகச் சரிந்த இமை என்று வைத்ததும் ஹாஸ்டல் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வந்ததும் மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

சிறகுக்கு இன்னொரு மழைத்துளி, காலுக்கு நான்கைந்து கோடுகள். இவற்றை விளக்க வேண்டியதில்லை, நீங்களே போட்டுவிடுவீர்கள். முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். மொத்தப் படத்தையும் நகல் எடுத்து, நகல் முழுவதையும் ஒரே கறுப்பாக மாற்றுங்கள். வெறும் நிழலைப் பார்த்தே காக்கா என்று சொல்ல முடிகிறதா? வீட்டில் ஒரு குழந்தையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கிளி என்றோ புறா என்றோ சொன்னால் அலகையும் வாலையும் மறுபடி கவனியுங்கள்.

பாவைக்கூத்துப் பொம்மை

ஒரே ஒரு படம் வரைந்தால் அது படம்தான். அதே உருவம் உட்கார்ந்தும் பறந்தும் நம் காக்காவாகவே தெரிந்தால்தான் கேரக்டர். தோல்பாவைக் கூத்தில் பொம்மையின் தோளிலும் முழங்கையிலும் மூட்டு வைத்துக் கட்டியிருப்பார்கள். நாமும் அதைச் செய்யலாம். சிறகைத் தேர்வு டூலால் கிளிக் செய்யுங்கள். இன்னொரு முறை கிளிக் செய்தால் சுற்றும் அம்புகள் வரும், நடுவில் ஒரு சின்னச் சிலுவைக் குறி தெரியும். அதை இழுத்துக்கொண்டுபோய்த் தோளில் வையுங்கள். இனி சிறகு தோளை மையமாக வைத்தே சுழலும்.

இன்று ஒரு வரி எழுதிக்கொடுத்தால் படம் போட்டுத்தரும் ஏ.ஐ. சேவைகள் வந்துவிட்டன, இதெல்லாம் எதற்கு என்று என் அலுவலகத்திலேயே கேட்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை தருவது பிட்மேப் படம். தோள் எங்கே, சிறகு எங்கே என்று பிரிந்திருக்காது. "இந்தச் சிறகை மட்டும் பத்து டிகிரி தூக்கு" என்கிற வேலைக்கு நம் முறையே எனக்குச் சுலபமாக இருக்கிறது. விளையாட்டுக்கு அதையும் செய்து பாருங்கள், தவறில்லை.

அச்சடிக்கும் கடையில்

திருப்பூரில் ஒரு பட்டறையில் எங்கள் டி-சர்ட்டை அடிக்கக் கொடுத்தோம். ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு ஸ்கிரீன் செய்ய வேண்டும். நிறம் கூடக்கூடச் செலவு கூடும். எங்கள் பணத்துக்கு இரண்டு நிறங்கள்தான் முடியும் என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். காக்காவிலோ கறுப்பு, சாம்பல், வெள்ளை என மூன்று இருந்தன. பட்ஜெட் இடித்தது. கழுத்தைக் கறுப்பாக்கினால் அது நம் ஊர்க் காக்கா இல்லை.

இங்கேதான் கண்ட்ரோலுடன் கழித்தல் குறி வந்தது. கழுத்துப்பட்டையை உடலின் மேல் வைத்து வெட்டி எடுத்துவிட்டேன். உடலில் கழுத்து வடிவத்தில் ஓட்டை விழுந்தது. டி-சர்ட் துணியைச் சாம்பல் நிறத்தில் வாங்கினோம். கறுப்பு மையில் உடல், வெள்ளை மையில் கண்ணும் பென் டிரைவும். கழுத்துக்கு மையே இல்லை, துணியின் நிறமே கழுத்து. பட்டறைக்காரர் பைலைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது ரெண்டு கலர்தான். போட்டுடலாம்" என்றார். நூறு சட்டைக்கு மேல் அடித்தோம். அந்த ஆண்டு எந்தக் கல்லூரியிலிருந்தும் இன்னொரு காக்கா வந்து இறங்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூனியர்கள் அதே பைலைத் திறந்து காக்காவுக்கு ஹெட்போன் மாட்டினார்கள்.

நீங்கள் கடைக்குப் பைல் கொண்டு போவதாக இருந்தால் இரண்டு விஷயங்கள். படத்தில் தமிழ் எழுத்து இருந்தால், கடைக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாமல் போகலாம். எழுத்துகள் மாறிவிடும், அல்லது கட்டம் கட்டமாக வரும். அ-வுக்குச் செய்தது போல எல்லா எழுத்தையும் பாதையாக மாற்றிவிட்டுக் கொடுங்கள். மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. அதனால் மாற்றாத பைல் ஒன்றை வேறு பெயரில் வைத்துக்கொள்வது அவசியம். இரண்டாவது, எந்த வகைப் பைல் வேண்டும் என்று முன்பே கேளுங்கள். பி.டி.எஃப். என்றால் பெரும்பாலான கடைகளில் திறந்துவிடுவார்கள். பிளெக்ஸ் பேனரில் அச்சாகும்போது திரையில் பளீரென்று தெரிந்த பச்சையும் நீலமும் சற்று மங்கித்தான் வரும். அது கடைக்காரர் குற்றமல்ல, மையின் இயல்பு.

நோட்பேடில் ஒரு காக்கா

கடைசியாக ஒரு விளையாட்டு. இங்க்ஸ்கேப் படங்களைச் சேமிப்பது எஸ்.வி.ஜி. என்கிற முறையில். வலைத்தளங்களுக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ-3-சி அமைப்பு 2001-ல் வெளியிட்ட பொதுத் தரம் இது. இதன் சிறப்பு, உள்ளே இருப்பது வெறும் எழுத்து.

காக்கா பைலின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறவுங்கள். வரிசையாக எண்கள் தெரியும். நீங்கள் வைத்த ஒவ்வொரு நோடும், இழுத்த ஒவ்வொரு கைப்பிடியும் அங்கே எண்களாக இருக்கும். பயப்பட வேண்டாம், எதையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. கண்ட்ரோலுடன் எச் அழுத்துங்கள். தேட வேண்டியது என்கிற இடத்தில் #333333 என்றும், மாற்ற வேண்டியது என்கிற இடத்தில் #990000 என்றும் கொடுத்து, அனைத்தையும் மாற்றச் சொல்லுங்கள். சேமித்து மூடிவிட்டு, அந்தப் பைலைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். பென் டிரைவோடு ஒரு சிவப்புக் காக்கா திரையில் நிற்கும்.